பிரிக்காத சீனி மூட்டை

2020 ஜூலை 6, திங்கள்

ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு நோட்டுப் போட்டு, தினமும் யார் யார் பக்கத்தில் வந்தார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டுமாம். நாளைக்கு எனக்குக் கொரோனா வந்து தொலைந்தால் யாரையெல்லாம் பிடித்து அடைக்கலாம் என்று பார்ப்பதற்கு. அதிகாரி போனில் சொன்னார். சரி, எழுதுகிறேன்.

சண்முகக்கனி, விற்பனையாளர். இன்று பக்கத்தில் வந்தவர்கள்: ஊர் மொத்தமும். தள்ளி நில்லுங்கள் என்று சுண்ணாம்பில் வட்டம் போட்டு வைத்தால், வட்டத்துக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட்கள் என் மூஞ்சிக்கு நேரே வந்து நிற்கிறார்கள். காய்ச்சல் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது.

வீட்டில் நானும் என் மகள் சுபிதாவும்தான். ஒன்பது வயது. பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து பகலில் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். அவள் அப்பா மும்பையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் குடம் காலி.

"நாலு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. குடிச்சியா, கொட்டுனியா?"

"குடிச்சேம்மா."

ஒரு குடத்தை மாடுகூட ஒரே நாளில் குடிக்காது. பொய் சொன்னதற்கு முதுகில் ஒன்று வைத்தேன்.

ஜூலை 9, வியாழன்

இன்று கடையில் ரத்தம்.

பால்துரை என்று ஒருத்தன், எங்கள் பக்கத்துத் தெரு, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சீனி எடை குறைகிறது என்று ஆரம்பித்தான். "நீயே பாருய்யா" என்று மறுபடியும் தராசில் வைத்துக் காட்டினேன். "தராசே கள்ளத் தராசு, அதுல என்னத்தப் பாக்கச் சொல்லுத?" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகாது. சீனி அள்ளுகிற இரும்புக் கரண்டியால் அவன் வாயைப் பார்த்து ஒரு போடு போட்டேன். உதடு கிழிந்து மாஸ்க் பூராவும் ரத்தம். அதற்குப் பிறகு கல் வந்து விழுந்தது, கடைப் பூட்டு உடைந்தது, ஒருத்தி என் கொண்டையைப் பிடித்துத் தரையில் இழுத்தாள், நான் அவள் கையைக் கடித்தேன். போலீஸ் வந்து எல்லாரையும் லத்தியால் விளாசியது. சும்மா நின்ற ஒரு பெரியவருக்கும் முழங்காலில் அடி. எனக்கும் தோளில் ஒன்று விழுந்தது.

பக்கத்தில் வந்தவர்கள் பட்டியலை எப்படி எழுத? நான் கடித்தவள் பெயர்கூடத் தெரியாது.

ஜூலை 10, வெள்ளி

ஷட்டரில் கரியால் "சீனிக் கள்ளி" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நேற்று நடந்ததை எவனோ வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பியும் விட்டான். பதினோரு வருஷ வேலையில் ஒரு பொட்டலம் சீனி வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பேனா? என் கார்டுக்கு உள்ளதைக்கூடக் கடைசி ஆளாகத்தான் வாங்குவேன். ஈரத்துணி வைத்துத் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க எழுத்து பரவியதே தவிரப் போகவில்லை.

பூட்டு சரியாகிறவரை மிச்சச் சரக்கை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அதிகாரி. மிச்சம் என்றால் ஒரு முழு சீனி மூட்டையும் எலக்ட்ரானிக் தராசும்தான். முன்னறையில் நிறுத்தியிருக்கிறேன்.

சுபிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏட்டி, இது சர்க்கார் மூட்டை. இதுல உன் விரலு பட்டுச்சுன்னு வையி, விரலு இருக்காது."

"சரிம்மா" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஜூலை 12, ஞாயிறு

முழு ஊரடங்கு. வெளியே போகவில்லை. பக்கத்தில் வந்தவர்கள் யாரும் இல்லை.

வீட்டைக் கழுவினேன். பாத்திரம் விளக்குகிற அங்கணத்தில் எறும்பு மொய்க்கிறது. குழிக்குப் போகிற ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடு. சுபிதா அவசரம் தாங்காமல் அங்கேயேதான் ஒன்றுக்குப் போகிறாள். கக்கூஸ் வரை நடக்கக் கழுதைக்கு வலிக்கிறது. எறும்புச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன்.

பாயிலும் போய்விட்டாள். ஒன்பது வயதில்! இரண்டாவது தடவை. விளக்குமாற்றின் கட்டைப் பக்கத்தால் காலில் நாலு. அழவில்லை. அடம்.

ஜூலை 14, செவ்வாய்

மூன்றாவது தடவை பாய். காயப்போட்ட பாவாடையில் எறும்பு. பாயில் எறும்பு. சாக்பீஸ் கோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் படுக்கிற இடத்தைத் தேடித் தேடி வருகிறது. என் பாயில் ஒன்று இல்லை.

பாவாடையில் இனிப்பு இல்லாமலா எறும்பு வரும்?

ஜூலை 15, புதன்

மும்பையிலிருந்து அவர் வீடியோவில் கூப்பிட்டார். சுபிதாவைப் பார்த்துவிட்டு, "என்ன கனி, பிள்ள இப்பிடி மெலிஞ்சு போயிருக்கா? கழுத்தெலும்பு தெரியுது" என்றார்.

"நீங்க வந்து ஊட்டி விடுங்க" என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தானே தின்கிறாள், முன்னைவிட இரண்டு மடங்கு தின்கிறாள். திருட்டுத் தீனி உடம்பில் எங்கே ஒட்டும்?

ஜூலை 17, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். மூட்டையின் மூலையில் இரண்டு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருக்கிறது.

உட்கார வைத்துக் கேட்டேன். "இல்லம்மா" என்றாள். மறுபடி கேட்டேன். "சத்தியமா இல்லம்மா" என்று மூட்டையின் மேலேயே கை வைத்துச் சத்தியம் பண்ணுகிறாள், துணிச்சலைப் பாருங்கள். வெளியே கள்ளி என்று எழுதியிருக்கிறான். அவன் எழுதியது பொய் என்று நான் தெருத் தெருவாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். என் வயிற்றில் பிறந்தது உள்ளே உட்கார்ந்து சர்க்கார் சீனியை அள்ளித் தின்கிறது. எனக்குக் கண் தெரியவில்லை. மூன்றாவது அடியில் ஒப்புக்கொண்டாள்.

"எடுத்தேம்மா."

"எவ்வளவு?"

"ஒரு கை."

"எத்தன தடவ?"

"நீங்க சொல்லுங்கம்மா" என்றாள்.

எப்படியோ உண்மை வந்துவிட்டது. சாயங்காலம் பால் காய்ச்சும்போது கரண்டி சூடாக இருந்தது, அவள் வலது உள்ளங்கையில் பட்டுவிட்டது. மஞ்சள் குழைத்துப் போட்டிருக்கிறேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 18, சனி

பாவமாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் ஆசையா? பெரிய டம்ளர் நிறையப் பாலில் நாலு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன், எங்கள் கார்டுச் சீனி. "தின்ன ஆச வந்தா எங்கிட்டக் கேளு, நான் தாரேன்" என்றேன். இடது கையால் வாங்கி மடமடவென்று குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு என் மடியில் தலை வைத்தாள். பிள்ளை என்னை மன்னித்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

சோர்ந்து சோர்ந்து படுக்கிறாள். தெம்புக்குக் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தேன். மத்தியானம் நன்னாரி சர்பத். கேட்டதெல்லாம் கொடுக்கிறேன்.

ஜூலை 21, செவ்வாய்

கை ஆறவில்லை. நடுவில் பழுத்து வாடை வருகிறது. காலையிலிருந்து வாந்தி, வயிறு வலிக்கிறது என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்தான்.

போனால் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். கொரோனா என்று வந்தால் வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. கையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். நல்லபடியாக ஒரு பதில் யோசித்து வைத்துக்கொண்டு நாளைக்குப் போகலாம்.

சர்பத் பாதி குடித்தாள். மீதியைக் கக்கிவிட்டாள்.

ஜூலை 23, வியாழன்

திருநெல்வேலி. பெரியாஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் முள் குத்தி வீங்கியிருக்கிறது, எழுத்து கோணல்தான் வரும்.

நேற்றுக் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. கண் பாதி திறந்திருக்கிறது, ஆள் இல்லை. மூச்சு மட்டும், ஓடி வந்த பிள்ளையின் மூச்சு மாதிரி, நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்குகிறது. தூக்கிக்கொண்டு ஓடினேன். தெரு வாசலில் உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள், வெளியூர்க்காரன் வந்துவிடக் கூடாதாம். அந்தப் பக்கம் நாலு பேர் கம்போடு.

"மூச்சு வாங்குது பாரு, கொரோனாதான் அது! உள்ள போ!" என்று ஒருத்தன் கம்பை ஓங்கினான்.

"பிள்ளைக்கு உயிரு போவுதுல, வழிய விடுங்கல!"

விடவில்லை. பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு முள்ளைக் கையாலேயே இழுத்தேன். முதுகில் கம்பு விழுந்தது, இரண்டு மூன்று. திரும்பி ஒருத்தன் மூஞ்சியில் முள்ளுக்கிளையோடு அறைந்தேன். அவன் அலறினான். அவர்கள் ஆளைக் கொல்லத் துணிந்துவிட்டார்கள், நானும்தான். அப்போது அந்தப் பக்கம் லோடு ஆட்டோ வந்து நின்றது. பால்துரை. உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. இறங்கி வந்து, கம்பு வைத்திருந்தவனை நெஞ்சில் எட்டி உதைத்தான். முள்ளைக் காலால் தள்ளினான்.

என்னைப் பார்த்து, "சீனிச் சண்ட தனி. பிள்ளைய ஏத்து" என்றான்.

ஊரில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டையே திறக்கவில்லை. மூச்சு வாங்குகிற கேஸை எடுக்க மாட்டோம் என்று உள்ளேயிருந்து கை ஆட்டினார்கள். பால்துரை கேட்டை ஆட்டோவால் இடித்தான், அப்போதும் திறக்கவில்லை. செக்போஸ்ட்டில் பிள்ளையைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். லோடு ஏற்றுகிற தகரத்தில் அவள் தலை அடிபடாமல் என் தொடையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். "தண்ணி" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே காய்ச்சல் வார்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் குச்சி விட்ட நர்ஸ், ரெஜினா என்று பேர், குனிந்தவர் அப்படியே நின்று பிள்ளையின் வாயை மோந்து பார்த்தார். "என்ன வாட இது, அழுகுன பழம் மாதிரி? தண்ணி நிறையக் குடிச்சாளா? நிறைய ஒண்ணுக்குப் போனாளா?" என்று கேட்டுக்கொண்டே விரலில் குத்தினார். சின்ன மிஷின். அதில் நம்பரே வரவில்லை, மிஷினால் காட்ட முடிகிற அளவுக்கு மேலே போய்விட்டதாம். அதன்பிறகு எல்லாரும் ஓடினார்கள்.

பிறகு லேபில் பார்த்ததில் ரத்தத்தில் சுகர் அறுநூற்று நாற்பது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சுகராம். பிள்ளைகளுக்கு வரும் என்றே எனக்குத் தெரியாது.

ஜூலை 24, வெள்ளி

கொரோனா இல்லை என்று வந்துவிட்டது. கண் முழிக்கவில்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விடுகிறார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மாஸ்க்குக்கு மேலே கண் சிவந்து கிடக்கிறது. என்னைத் திட்டினார். "இந்த ரெண்டு மாசத்துல இது ஆறாவது பிள்ளைம்மா. கொரோனா, கொரோனான்னு பயந்து வீட்டுக்குள்ள வச்சிருந்து, நெனவு போன பொறவு தூக்கிட்டு வாரீங்க. போன வாரம் வந்த பையன் இந்தப் படி ஏறுறதுக்குள்ள போயிட்டான். ஒரு நாள் முன்னால கொண்டு வந்திருந்தா இவளுக்கு இவ்வளவு ஆயிருக்காது. கைப்புண்ணுல சீழ் வேற. அதுதான் ஒரேயடியா இழுத்து விட்டிருக்கு."

ஒரு நாள் முன்னால்.

"மூத்திரத்துல சுகர் போவும். எறும்பு மொய்ச்சிருக்குமே, நீங்க பாக்கலையா?" என்று கேட்டார்.

மாடிப்படிக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை முட்டினேன். காவலாளி வந்து இழுத்துப் பிடிக்கிறவரை முட்டினேன். மூன்று தையல் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 25, சனி

முழிக்கவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

மத்தியானம் முழித்தாள். உள்ளே விட்டார்கள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "அம்மா, பாய் நனையலம்மா. டியூப் போட்டிருக்காங்க."

சாயங்காலம் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். டாக்டர் கைப்புண்ணைப் பார்த்துத் தகவல் கொடுத்திருக்கிறார். என்னை வைத்துக்கொண்டே சுபிதாவிடம், "கையில என்னம்மா?" என்று கேட்டார்கள்.

"அடுப்புல நானே வச்சுட்டேன்" என்றாள். கேட்டு முடிக்கும் முன்பே சொன்னாள்.

என்னைப் பார்த்தார்கள். "ஆமா, அடுப்பு" என்றேன்.

ஜூலை 28, செவ்வாய்

பூட்டு மாற்றியாகிவிட்டது, மூட்டையை வந்து ஒப்படை என்று அதிகாரி நேற்று போன் போட்டார். பால்துரைதான் கூட்டிப் போனான். தெருவில் முள் அப்படியே கிடக்கிறது, ஒரு ஆள் போகிற இடம் மட்டும் விட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கதவுகள் சாத்தின. சாத்தட்டும்.

வீட்டுக்குள் ஒரே நாற்றம். அங்கணத்தில் எறும்பு ஒன்றுகூட இல்லை. அவள் இல்லாத வீட்டில் எறும்புக்கு என்ன வேலை?

மூட்டையை எடுக்க வருகிற ஆளிடம் நிறுத்துக் கொடுக்க வேண்டும். தராசைத் தட்டினேன், சிவப்பு எழுத்து வந்தது. மூட்டையை அணைத்துத் தூக்கி மேலே வைத்தேன்.

ஐம்பது கிலோ அறுநூறு கிராம். சாக்கோடு.

இறக்கிவிட்டு மறுபடி வைத்தேன். ஐம்பது அறுநூறு. குடோனிலிருந்து வந்த சீட்டில் போட்டிருக்கிற அதே எடை. ஒரு கையும் குறையவில்லை, ஒரு விரல் நுனியளவும் குறையவில்லை. மூலையில் தையல் விட்ட இடத்தில் நோண்டிப் பார்த்தேன். உள்ளே இன்னொரு தையல் இருக்கிறது, இறுக்கமாக. மூட்டை பிரியவே இல்லை.

பதினோரு வருஷமாக நிறுக்கிறேன். கால் கிலோ பருப்புக்கு ஊரோடு சண்டை போட்டு நிறுத்துக் காட்டுகிறவள் நான். தராசு இந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அன்றைக்கு ஒரு தடவை தூக்கி வைத்துப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. என் மகள் சத்தியம் பண்ணினாள், நான் கரண்டியை அடுப்பில் வைத்தேன்.

வெளியே பால்துரை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்ன எட குறையுதா?" என்றான்.

"குறையல" என்றேன். மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

ஜூலை 29, புதன்

அந்தக் குழந்தைகள் பாதுகாப்பு அம்மாவுக்கு நானே போன் போட்டு வரச் சொன்னேன். வராண்டாவில் நின்றே சொன்னேன்.

"அடுப்பு இல்ல மேடம். நான்தான். கரண்டியக் காய வச்சுச் சூடு போட்டேன். கையப் பிடிச்சு அமுக்கி வச்சேன். அவ திருடல."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். குழந்தைகள் நலக் கமிட்டி முன்னால் நிற்க வேண்டுமாம். கேஸும் வரலாமாம். அவள் அப்பா பாஸ் வாங்கிக்கொண்டு மும்பையிலிருந்து கிளம்பிவிட்டார். முடிவு தெரிகிறவரை பிள்ளை அவர் பொறுப்பில்தான் இருக்கும். அவர் வருகிறவரை ஊசி போட நான் படித்துக்கொள்ளலாம், ஆனால் நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும். "சரி" என்றேன். இந்த நோட்டையும் கேட்டார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பதினேழாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கை போனது. கிழிக்கவில்லை. "பட்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரி அப்படியே இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவள் என்று அதைப் படித்தால்தான் தெரியும்.

ஜூலை 30, வியாழன்

தினமும் நாலு ஊசி. ஆயுசு முழுக்க. ரெஜினா சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்: சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், மருந்தை எவ்வளவு இழுக்க வேண்டும், காற்றுக் குமிழ் இல்லாமல் எப்படித் தட்ட வேண்டும். இரண்டு தடவை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினேன்.

நேற்று ராத்திரி சுபிதாவிடம் சொல்லிவிட்டேன். மூட்டையை நிறுத்தேன், நீ எடுக்கவில்லை, அம்மா பண்ணியதுதான் தப்பு என்று. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப நான் எடுக்கலையாம்மா?" என்று கேட்டாள். அடித்த அடியில் தான் எடுத்ததாக அவளே நம்பிவிட்டிருக்கிறாள்.

இன்று காலை ஏழரைக்கு முதல் ஊசி, என் கையால். மருந்தை இழுத்துத் தட்டிவிட்டு ஊசியோடு கட்டில் பக்கத்தில் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அங்க இல்லம்மா, தொடையில. கைய எடு கண்ணு" என்றார் சிஸ்டர்.

அவள் எடுக்கவில்லை. நான் மண்டிபோட்டு, நீட்டிய கைக்குக் கீழே குனிந்து, தொடையில் போட்டேன். போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அமுக்கிய பிறகும் அந்தக் கை அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தது. அடுத்த ஊசி பன்னிரண்டரைக்கு.